விண்ட்சாக் வாங்கும் முன்: எந்த இடத்துக்கு எந்த நிறம், எந்த அளவு?

கடலோரத்தில் மீன் பதப்படுத்தும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் அமோனியா கசிவு ஒத்திகை நடந்தது. சைரன் ஒலித்ததும் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அலுவலகக் கூரைமேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விண்ட்சாக், அதாவது காற்றின் திசையைக் காட்டும் கூம்பு வடிவத் துணிப்பை, இருந்தது. ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஆரஞ்சு வட்டம் ஒன்றுதான். காற்று நேராக அவர்களை நோக்கி வீசிக்கொண்டிருந்ததால் நீட்டிக்கொண்டிருந்த துணியின் நீளம் தெரியவில்லை. பாதிப் பேர் தவறான பக்கம் நடந்தார்கள். ஒத்திகை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் எனக்கு அன்று ஒன்று பிடிபட்டது. காற்று நம்மை நோக்கி வீசும்போதுதான் விண்ட்சாக் நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. அதே நேரத்தில்தான் அதைப் படிப்பதும் மிகக் கடினம். அன்றிலிருந்து யாராவது "எங்க இடத்துக்கு எத்தனை அடி, என்ன கலர் வாங்கலாம்?" என்று கேட்டால், கேட்டலாகைத் திறப்பதில்லை. அதைப் பார்க்கப்போகிறவர் எங்கே நிற்பார் என்று கேட்டு, முதலில் அங்கே போய் நிற்கிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில், அதைப் படிக்கத் தெரிய வேண்டும்

வாடை வடக்கிலிருந்து வரும், தென்றல் தெற்கிலிருந்து வரும், கொண்டல் கிழக்கிலிருந்து வரும். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை வைத்தே நம்மவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விமானத் துறையிலும் இதே வழக்கம்தான். விண்ட்சாக்கின் அகன்ற வாய் காற்று வரும் பக்கம் பார்க்கும், குறுகிய வால் காற்று போகும் பக்கம் நீளும். வால் தெற்கே நீண்டிருந்தால் அடிப்பது வாடை.

வாயு கசிந்தால் வாய் இருக்கும் பக்கமாகப் போக வேண்டும். கசிவு உங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் இருந்தால் அதற்குள் புகுந்து போகக் கூடாது. முதலில் காற்றுக்குக் குறுக்காக விலகி, அப்புறம் காற்று வரும் பக்கம் திரும்ப வேண்டும். விண்ட்சாக் நேருக்கு நேராக, வெறும் வட்டமாகத் தெரிந்தாலும் ஒரு வழி உண்டு. உள்ளே இருட்டாகக் குழிந்த பெரிய வாய் தெரிந்தால் காற்று உங்கள் பக்கமிருந்து அதை நோக்கிப் போகிறது. சிறிய துளையோடு வால் தெரிந்தால் அங்கிருந்து உங்களை நோக்கி வருகிறது. இதை ஒத்திகையின்போதே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். பதற்றத்தில் யாருக்கும் புதிதாகக் கற்றுக்கொள்ள வராது.

வேகத்தையும் அது ஓரளவு சொல்லும். அமெரிக்க விமானத் துறைத் தரப்படி செய்த விண்ட்சாக் 3 நாட் காற்றிலேயே திரும்ப வேண்டும், 15 நாட்டில், அதாவது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டரில், முழுதாக நீள வேண்டும். கனடாவின் விமானிகளுக்கான கையேடு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: 15 நாட்டில் கிடைமட்டம், 10 நாட்டில் 5 டிகிரி சரிவு, 6 நாட்டில் 30 டிகிரி சரிவு. "பையில் ஒரு நிறப் பட்டை நிமிர்ந்தால் 3 நாட், இரண்டு நிமிர்ந்தால் 6 நாட்" என்ற கணக்கைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐந்து பட்டையோடு, அந்தத் தரத்தில், சரியான எடையுள்ள துணியில் செய்ததற்கு மட்டும்தான் அது தோராயமாகப் பொருந்தும். பக்கத்துத் தெருவில் தைத்து வாங்கிய பைக்குப் பொருந்தாது.

இன்னொரு வரம்பும் உண்டு. முழுதாக நீண்ட பிறகு அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. 30 கிலோமீட்டர் காற்றும் 60 கிலோமீட்டர் காற்றும் அதில் ஒரே மாதிரிதான் தெரியும். பழைய பாம்பன் ரயில் பாலம் இயங்கிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் சிவப்பாகி ரயில் நிறுத்தப்பட்டது. அந்த முடிவை எடுக்க காற்றுவேகமானி வேண்டும். உங்கள் இடத்திலும் "இத்தனை வேகத்துக்கு மேல் கிரேன் இயக்கக் கூடாது" என்பது போன்ற வரம்பு இருந்தால், விண்ட்சாக்கை மட்டும் நம்பாமல் ஒரு வேகமானியும் சேர்த்து வாங்குங்கள்.

படி 1: யார், எங்கிருந்து பார்க்கிறார்?

ஒரு தாளில் உங்கள் வளாகத்தை வரைந்துகொள்ளுங்கள். ஆட்கள் வேலை செய்யும் இடங்கள், வாசல்கள், கூடுமிடங்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, விண்ட்சாக் வைக்க நினைக்கும் இடத்தைப் பாருங்கள். மறைக்கிறதா? எத்தனை மீட்டர் தூரம்? பின்னால் என்ன தெரிகிறது: வானமா, சுவரா, மரமா, புகைபோக்கியா? இந்த மூன்று விடைகளும் கையில் இருந்தால் அளவும் நிறமும் இடமும் தானாக வந்துவிடும்.

கேட்டுக்கு வெளியே இருப்பவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் வெளியேறிய வாயு காற்றோடு போய்ப் படர்ந்தது ஆலையை ஒட்டிய குடியிருப்புகள் மேல்தான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று ஊர்க்காரர்களும் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும். மதில் ஓரமாக, வெளிச்சத்தோடு, ஊருக்குத் தெரிகிற மாதிரி ஒரு விண்ட்சாக் கூடுதலாக வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

படி 2: அளவு

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விமான நிலையங்களுக்குச் சொல்லும் அளவு: நீளம் குறைந்தது 3.6 மீட்டர், வாயின் விட்டம் குறைந்தது 0.9 மீட்டர். 300 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலும் புரிய வேண்டும். தரையில் இருக்கும் ஹெலிகாப்டர் தளங்களுக்கு நீளம் 2.4 மீட்டர், வாய் 0.6, வால் 0.3, பார்க்கும் உயரம் 200 மீட்டர். மாடிமேல் இருக்கும் தளங்களுக்கு நீளம் 1.2 மீட்டர், வாய் 0.3, வால் 0.15.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் வாய், நீளத்தில் கால் பங்கு. ஹெலிகாப்டர் தளங்கள் இரண்டிலும் வால், வாயில் பாதி. கடையில் வாங்கும்போது டேப் வைத்து அளக்க இதுவே போதும். வாலும் வாயும் ஒரே அகலத்தில் இருந்தால் உள்ளே போன காற்று தங்காமல் வெளியேறிவிடும், பை தொங்கிக்கொண்டே இருக்கும். வாலை ரொம்பக் குறுக்கினால் லேசான காற்றிலேயே விறைத்துக்கொண்டு, வேக வித்தியாசம் எதையும் காட்டாது.

அப்புறம், 300 மீட்டருக்கு 3.6 மீட்டர், 200 மீட்டருக்கு 2.4 மீட்டர். இரண்டிலும் தூரத்தை நீளத்தால் வகுத்தால் 83 வருகிறது. இதிலிருந்து எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: மிகத் தூரத்தில் நின்று பார்ப்பவரின் தூரத்தை மீட்டரில் எடுத்து 80ஆல் வகுத்தால் வருவது தேவையான நீளம். 40 மீட்டர் தூரமென்றால் அரை மீட்டர். 100 மீட்டர் என்றால் ஒன்றேகால் மீட்டர். 200 மீட்டர் என்றால் இரண்டரை மீட்டர். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் தொழிற்சாலை முற்றங்களில் எனக்கு நன்றாகவே ஒத்து வந்திருக்கிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் விடை வந்தால் பெரியதை எடுங்கள்.

ஆனால் முற்றத்தில் பார்த்த அந்த ஆரஞ்சு வட்டத்தைப் பெரிய அளவு மட்டும் சரிசெய்யாது. ஒன்றரை மீட்டர் விண்ட்சாக் நேருக்கு நேராகத் திரும்பினால் உங்களுக்குத் தெரிவது நாற்பது சென்டிமீட்டர் வட்டம் மட்டும்தான். அதனால் 3.6 மீட்டரில் ஒன்று வாங்குவதைவிட, ஒன்றரை மீட்டரில் இரண்டு வாங்கி, ஒன்று நேராகத் தெரியும்போது மற்றது பக்கவாட்டில் தெரிகிற மாதிரி வைப்பது மேல். எந்தக் கூடுமிடத்தில் நின்றாலும் இரண்டும் வெவ்வேறு திசைகளில், ஏறத்தாழ செங்கோணத்தில் தெரிந்தால் அருமை. அந்தக் குளிர்பதனக் கிடங்கில் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

படி 3: நிறம்

விமான நிலையத்தில் ஆரஞ்சு வெள்ளைப் பட்டை பார்த்திருக்கிறோம், அதனால் அதுவே எங்கும் சரி என்று நினைத்துவிடுகிறோம். விமானி மேலிருந்து கீழே பார்க்கிறார், அவருக்குப் பின்னணி தரை. நம் தொழிலாளி கீழிருந்து மேலே பார்க்கிறார், அவருக்குப் பின்னணி வானம். ஒரே நிறம் இருவருக்கும் ஒன்றுபோல் உதவாது.

விமான நிலையங்களுக்கான விதி முதலில் பரிந்துரைப்பது ஒற்றை நிறத்தை: வெள்ளை அல்லது ஆரஞ்சு. பின்னணி மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில், ஒரு நிறம் போதாது என்றால்தான் இரட்டை நிறம். ஆரஞ்சும் வெள்ளையும், சிவப்பும் வெள்ளையும், கறுப்பும் வெள்ளையும் என மூன்று சேர்க்கைகள். ஐந்து பட்டைகள் மாறி மாறி வர வேண்டும், முதல் பட்டையும் கடைசிப் பட்டையும் அடர்ந்த நிறமாக இருக்க வேண்டும். இரு முனையும் அடர்ந்திருந்தால்தான் பை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண் பிடித்துக்கொள்ளும். வெள்ளையில் முடிந்தால் வெளிறிய பின்னணியில் வால் கரைந்து, பை குட்டையாகத் தெரியும்.

மேலிருந்து பார்ப்பவருக்கு: வயலும் தோப்புமாகப் பச்சையாக இருந்தால் வெள்ளை பளிச்சென்று நிற்கும். வேதாரண்யம், தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்கள் போல வெளுத்த தரை என்றால் ஆரஞ்சு. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு போலச் செம்மண்ணாக இருந்தால் ஆரஞ்சு மண்ணோடு மண்ணாகிவிடும், அங்கே வெள்ளையோ கறுப்பு வெள்ளையோ வேண்டும்.

கீழிருந்து பார்ப்பவருக்கு: நம் ஊர்க் கோடை வானம் பெரும்பாலும் நீலமாக இல்லை, வெளிறித்தான் கிடக்கிறது. மழைக்காலத்தில் சாம்பல். இரண்டிலும் வெள்ளைத் துணி தொலைந்துபோகும். ஒற்றை நிற ஆரஞ்சுதான் என் முதல் தேர்வு. பின்னால் பாதி வானமும் பாதி கட்டடமுமாக இருந்தால் ஆரஞ்சு வெள்ளைப் பட்டை. புகைபோக்கியும் செல்போன் கோபுரமும் சிவப்பு வெள்ளையாகவோ ஆரஞ்சு வெள்ளையாகவோ அடிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு முன்னால் அதே சேர்க்கையில் விண்ட்சாக் தொங்கினால் பகலிலேயே கண்டுபிடிக்க முடியாது. அந்த இடத்தில் ஒற்றை நிறம் போடுங்கள், இல்லையென்றால் கம்பத்தை நகர்த்துங்கள்.

சிவப்பில் ஒரு சிக்கல் உண்டு. அந்தி மயங்கும்போது நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போகும் நிறம் அதுதான். சிவப்பு பச்சை பிரித்தறியக் கடினப்படும் பார்வை உள்ளவர்களுக்கு மரங்களின் முன்னால் சிவப்புத் துணி தனியாகத் தெரியாது. வேறு வழி இருக்கும்போது நான் சிவப்பை எடுப்பதில்லை. பளிச்சிடும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் முதல் மாதத்தில் கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அடிக்கடி மாற்றத் தயார் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

இரவு ஷிஃப்ட் இருக்கும் இடமென்றால் நிறத்தை இரவில் ஒருமுறை சோதியுங்கள். மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கின் கீழ் ஆரஞ்சும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றை மேலிருந்து பை மீது விழும்படி வைத்தால் தீர்ந்தது. ஒளி திருப்பும் பட்டை தைத்தது நல்லதுதான், ஆனால் வெளிச்சம் பார்ப்பவர் பக்கமிருந்து போனால்தான் அது மின்னும். கையில் டார்ச் இல்லாதவருக்கு அது சாதாரணத் துணி.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். நினைத்திருக்கும் நிறத்தில் ஒரு துணியை அந்த இடத்தில் கட்டுங்கள். மிகத் தூரத்துப் புள்ளியில் நின்று காலை, நண்பகல், அந்தி என்று மூன்று வேளையும் செல்போனில் படம் எடுங்கள். படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். துணி அப்போதும் தனியாகத் தெரிந்தால் நிறம் சரி. பின்னணியில் கரைந்துவிட்டால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த நிறம் வேண்டாம்.

சில இடங்களில் நிறத்துக்கே ஒரு பொருள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிரிட்டனின் கடற்கரைகளில் ஆரஞ்சு விண்ட்சாக் ஏற்றினால், காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது, ரப்பர் மிதவைகளோடு தண்ணீரில் இறங்காதீர்கள் என்று அர்த்தம்.

படி 4: எந்த வேலைக்கு எது

*சிறு ஓடுதளம், விமானப் பயிற்சி மையம்:* இங்கே தேர்வு செய்ய அதிகம் இல்லை, 3.6 மீட்டர்தான். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளும் சர்வதேச அளவுகளை ஒட்டியவைதான். ஒரு விண்ட்சாக்கையாவது சுற்றி 15 மீட்டர் விட்டத்தில், 1.2 மீட்டர் அகலத்தில், வெள்ளை வட்டம் தரையில் போட வேண்டும். இரவில் இயங்கினால் விளக்கு கட்டாயம்.

*மருத்துவமனை மாடி ஹெலிபேட்:* 1.2 மீட்டர். இங்கே அளவைவிட இடம்தான் பெரிய தலைவலி. ஹெலிகாப்டரின் விசிறிக் காற்றும் கட்டடச் சுழலும் பையைக் குழப்பும். ஒன்று அந்தக் குழப்பத்தில் மாட்டும் என்றால் இன்னொன்றும் வைக்க வேண்டியதுதான்.

*குளோரின், அமோனியா கையாளும் இடங்கள்:* குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், ஐஸ் ஃபேக்டரிகள், உர ஆலைகள் எல்லாம் இதில் வரும். 80 கணக்குப்படி ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர், ஆரஞ்சு, குறைந்தது இரண்டு. குளோரின் காற்றைப்போல இரண்டரை மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து போகும். அமோனியா இயல்பில் காற்றைவிட லேசு. ஆனால் குளிர்ந்த திரவமாகக் கொட்டும்போது வெண்புகையாகத் தரையை ஒட்டியே பரவும். அதனால் உயரத்தில் வீசும் காற்று மட்டும் தெரிந்தால் போதாது. மதில்களுக்கு நடுவே காற்று எப்படித் திரும்புகிறது என்று காட்ட, தாழ்வான இடத்தில் சிறியதாக இன்னொன்று கட்டுவது என் வழக்கம்.

*மருந்து தெளிப்பு, டிரோன்:* இங்கே 28 கிலோமீட்டரில் நீளும் கனத்த பை எதற்கும் ஆகாது. மணிக்கு 5 முதல் 15 கிலோமீட்டர் வரையான காற்றில் வித்தியாசம் காட்ட வேண்டும். எளிதில் கிழியாத மெல்லிய ரிப்ஸ்டாப் நைலானில் அரை மீட்டர் நீளப் பை, மூங்கில் கழியில், தெளிக்கும் உயரத்துக்குச் சற்று மேலே. பை அசையாமல் தொங்கும் விடியற்காலையும் நல்ல நேரம் இல்லை. காற்று அடங்கிய வேளையில் நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்து, பிறகு எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது.

படி 5: துணியும் இரும்பும்

நைலான் லேசு, சிறு காற்றுக்கும் அசையும். ஆனால் நனைந்தால் தண்ணீர் குடிக்கும், வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். பாலியஸ்டர் கொஞ்சம் கனம், வெயிலை அதிகம் தாங்கும். நிரந்தரமாக வெளியில் கிடக்கும் தொழிற்சாலைப் பைக்கு நான் பாலியஸ்டரையே சொல்வேன். ரெக்சின் போலத் தடித்த பூச்சுத் துணியைச் சிலர் "நல்லா உழைக்கும்" என்று தள்ளிவிடுவார்கள். உழைக்கும், ஆனால் பெருங்காற்று வந்தால்தான் எழும்பும்.

வாய் வளையம் மட்டும் இருப்பதைவிட, பையின் முன்பகுதியைத் தாங்கும் சட்டம் உள்ளது நல்லது. அமெரிக்கத் தரத்தில் நீளத்தில் எட்டில் மூன்று பங்கு வரை சட்டம் தாங்கி நிற்கும். காற்றே இல்லாதபோதும் வாய் திறந்திருக்கும், சிறு காற்று வந்ததும் பை நிறையும். சுழலும் இடத்தில் மூடிய பால் பேரிங் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். கடலோரம் என்றால் பேரிங், போல்ட், வளையம் எல்லாம் துருப்பிடிக்காத 316 தர எஃகில் கேளுங்கள். கம்பம் சாய்த்து இறக்கும் வகையாக இருந்தால் பை மாற்ற ஏணி, கிரேன் எதுவும் வேண்டாம். உயரமான இரும்புக் கம்பத்துக்கு எர்த்திங் கட்டாயம். ஓடுதளத்துக்குப் பக்கத்தில் என்றால், மோதினால் எளிதில் முறிந்துவிடும் கம்பமாக இருக்க வேண்டும்.

படி 6: இடம்

வானிலை ஆய்வில் காற்றை அளக்கும் கருவியைத் தடைகளின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தள்ளி வைப்பார்கள். 6 மீட்டர் ஷெட் என்றால் 60 மீட்டர். நம் வளாகங்களில் அவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். கிடைக்காவிட்டால் மேலே போங்கள், ஆனால் கூரை விளிம்பில் வைக்காதீர்கள், அங்கேதான் காற்று புரளும். நீளமான கழியின் நுனியில் ரிப்பன் ஒன்றைக் கட்டி, நினைத்த இடங்களில் எல்லாம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ரிப்பன் ஒரே பக்கம் பறந்தால் இடம் நல்லது. சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டால் அங்கே வைக்கும் விண்ட்சாக் பொய் சொல்லும், பொய் சொல்லும் விண்ட்சாக் இல்லாததைவிட ஆபத்து.

படி 7: மாட்டிய பிறகு

மாதம் ஒருமுறை மூன்றைப் பாருங்கள்: நிறம் வெளுத்திருக்கிறதா, வால் கிழிந்திருக்கிறதா, பேரிங் லேசான காற்றில் திரும்புகிறதா. வால் நைந்து ஒரு பட்டை போய்விட்டால் பை குட்டையாகும், வேகக் கணக்கும் தப்பும். தைத்து ஒட்டுப்போடாதீர்கள், எடை மாறிவிடும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், துணி எம்மாத்திரம்? மேல்காற்று சுழன்றடிக்கும் தென் மாவட்டங்களில் வைகாசியிலேயே புதுப் பை மாட்டிவிடுவது என் வழக்கம். ஐப்பசி மழைக்கு முன் மறுபடி ஒரு பார்வை. கடலோர வெயிலில் ஒரு பை ஓர் ஆண்டைத் தாண்டினால் அது நல்ல துணி. வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி ஸ்டோரில் வெயில் படாமல் வையுங்கள். மாட்டிய தேதியை, அழியாத மார்க்கரில், வாயின் உள்பக்கம் எழுதுங்கள். வெளிப்பக்கம் எழுதினால் இரண்டே மாதத்தில் வெயில் அதைத் தின்றுவிடும்.